எட்டாவது ஓட்டை

சுவரிலோ கதவிலோ தகரத்திலோ ஓர் ஓட்டையைக் கண்டால் நான் விரலை விட்டுப் பார்ப்பேன். பஸ் தரிப்பிடத்திலும் பார்ப்பேன், வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் பார்ப்பேன். விளிம்பு மழமழப்பா சொரசொரப்பா என்று விரல் தானாகவே தேடும். மனைவிக்கு இது வெட்கம். "கையை எடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்பாள். எடுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் விரல் திரும்பவும் அங்கேதான் நிற்கும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று வேலை பழக வந்த உங்கள் மூன்று பேருக்கும் சொல்லத்தான் போன மாதம் முதலாளி, எங்கள் ஷெஃப், என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தார். கோப்பி தந்தார், கதிரை போட்டார். நான் எழுந்து நின்று, கவனமாக வேலை செய்யுங்கள், தெரியாததைக் கேளுங்கள் என்று ஜெர்மனில் இரண்டு வசனம் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். உங்கள் முகங்களைப் பார்த்ததும் மிச்சத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நித்திரை பிடிபடவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்க வரும். மூன்றாமவருக்கு நீங்கள் வாசித்துச் சொல்லிவிடுங்கள்.

நான் அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். தோள்மூட்டு கைவிட்டதால் அறுபது வயதுக்கு முதலே ஓய்வெடுக்க வேண்டி வந்தது. பட்டறை இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹனோவருக்கும் ஹம்பேர்க்குக்கும் இடையில் அந்தப் புல்வெளியும் பைன் மரங்களும். யுத்தம் முடிந்த பிறகும் பிரித்தானியப் படை நெடுங்காலம் நின்ற பகுதி அது. எந்தப் பண்ணையின் பின்பக்கத்தைத் தோண்டினாலும் ஏதாவது இரும்பு வரும். அந்த இரும்பு எதுவென்று கண்டுபிடித்து, பழையபடி ஆக்கிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

முதலில் என் பட்டப்பெயரின் கதையைச் சொல்லவேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பழைய படை லொறியின் ஆசனத்துக்குக் கீழே துணி சுற்றிய உருளை ஒன்று என் கையில் தட்டுப்பட்டது. நான் ஊரில் செல்லடிக்குள், எறிகணை வீச்சுக்குள், வளர்ந்தவன். யோசிக்கவில்லை. எல்லாரும் வெளியே ஓடுங்கள் என்று கத்தினேன். என்னிடம் அவ்வளவு சத்தம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் பட்டறைக்குத் தெரிய வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, பொலிஸ் வந்தது, பக்கத்துப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளைக் கயிறு பிடிக்கவைத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் பார்த்தால் அது கிறீஸ் அடிக்கும் பம்ப்.

கடைசல் இயந்திரத்தில் நின்ற ஜெயம் என்னைவிட நாலு வயது இளையவன். பீலெஃபெல்டிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்தவன், வாய் ஓயாது. அடுத்த நாள் காலையில் உடுப்பு மாற்றும் அறையில் எல்லாருக்கும் முன்னால் எனக்கு வணக்கம் வைத்து, "வாங்கோ செல்லையா அண்ணை" என்றான். என் பெயர் அதுவல்ல. செல்லுக்குப் பயந்த ஐயா, அதனால் செல்லையா. இந்தப் பகிடியை ஜெர்மனில் விளங்கப்படுத்த அவனுக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. விளங்கிய நாளிலிருந்து ஷெஃப்பும் என்னை "ஹெர் செல்லையா" என்றுதான் கூப்பிட்டார். சம்பளத் துண்டில் மட்டும் என் சொந்தப் பெயர் இருந்தது.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு பதினாலு வருடம், வேலையில் எதைக் கண்டாலும் சத்தம் போட்டு ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

இனி, அந்தப் பதினாலாவது வருடம் வந்த வண்டி.

அதற்குக் கரியர் என்று பெயர். அகலமான குளியல் தொட்டி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி பூட்டியது போல இருக்கும். மேலே கூரை இல்லை. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம். இயந்திரம் பின்பக்கம் நடுவில் நிற்கும், அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டி மாதிரி இடம். யுத்தத்துக்குப் பிறகு ஒரு பண்ணைக்காரர் இதைப் பிடித்து, காட்டில் மரக்குற்றி இழுக்கப் பாவித்திருக்கிறார். வலது பெட்டியில் மரம் இழுக்கும் சுழலி ஒன்றைப் பூட்டியிருந்தார். வண்டி அந்தப் பக்கம் சாயாமல் இருக்க, இடது பெட்டிக்குள் பலகை அடித்துக் கொங்கிறீட் ஊற்றியிருந்தார். அவர் இறந்த பிறகு வண்டி கொட்டிலுக்குள் கிடந்து, பேரன் காலத்தில் எங்களிடம் வந்தது. வாங்கியது ஒரு சிறிய அருங்காட்சியகம்.

அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இது எந்த வேலை செய்த கரியர்? ஏனென்றால் ஒரே உடம்பைப் பல வேலைக்குப் பாவித்தார்கள். ஒன்று இயந்திரத் துப்பாக்கி ஏற்றியது. ஒன்று பீரங்கிக்காரருக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தது. இன்னொன்று எறிகணைக் குழாயையும் அதன் கால்களையும் அடித்தட்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, எறிகணைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கும் என்றால், சாமான் பூட்டிய இடங்களில் இருக்கும். சாமான் போய்விடும், பூட்டிய துளை போகாது.

இலக்கம், கடதாசி, புத்தகம் எல்லாம் ஷெஃப் பார்ப்பார். தகடு பார்ப்பது என் வேலை. நிலைமைத் தாள் என்று ஒன்று இருக்கிறதே, நீங்கள் இப்போது நிரப்புவது, அதை அப்போதும் நிரப்பினோம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வரி. எந்த இடம், எவ்வளவு அகலம், விளிம்பு எப்படி, என்ன காரணமாக இருக்கலாம்.

பின்தகட்டில் எட்டு ஓட்டைகள் இருந்தன, இரண்டு இரண்டாக. நான் விரல் விட்டுப் பார்த்தேன். உள்ளே பலகை உக்கிப்போய்த் தகட்டுக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி கிடந்தது, அதனால் விரல் தாராளமாகப் போனது. துரு தின்ற ஓட்டை என்றால் விளிம்பு கடதாசிபோல மெலிந்து, விரலைக் கிழிக்கும். இது கிழிக்கவில்லை. மேலே துரு பிடித்திருந்தாலும் தகடு முழுத் தடிப்போடு வட்டமாக நின்றது. துளைப்பான் போட்ட ஓட்டை. எட்டும் அப்படித்தான்.

எனக்கு அது தெரிந்தது. தெரியாமல் செய்த பிழை என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஷெஃப்பிடம் சொல்லலாம் என்று அலுவலகக் கதவுவரை போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். கண்ணாடிக்குள்ளால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. நின்றேன். கையை என்ன செய்வது என்று தெரியாமல் காற்சட்டையில் துடைத்துத் துடைத்து நின்றேன். அப்போது கடைசல் இயந்திரத்தடியிலிருந்து ஜெயத்தின் குரல் வந்தது. "என்ன செல்லையா அண்ணை, இண்டைக்கு என்னத்தைக் கண்டுபிடிச்சிட்டியள்?"

ஒன்றுமில்லை என்று திரும்பிவந்துவிட்டேன். தாளை எடுத்தேன். துளைப்பான் போட்டது, வட்டமானது, ஏதோ பூட்டியிருந்திருக்கலாம் என்பதையெல்லாம் ஜெர்மனில் எழுதவேண்டும். எனக்கு அந்தச் சொற்கள் வாயில் வரும், கையில் வராது. துரு என்பதற்கு ஜெர்மனில் நாலே நாலு எழுத்து. அதை எட்டு வரியிலும் எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் 'பின்' என்று மட்டும் போட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன்.

துரு என்று எழுதிய ஓட்டையை அடைத்துவிடுவது வழக்கம். அடுத்த நாள் அடைக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஜெயம் தன் மனைவியின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "அண்ணை, நீங்களும் நில்லுங்கோ, பின்னால ஒரு ஆள் நிண்டாத்தான் அளவு தெரியும்." எனக்குப் படம் எடுப்பது பிடிக்காது. அவன் அமத்தும் நேரம் பார்த்து விலகிக்கொண்டேன். படத்தில் என் முகம் இல்லை. ஒரு முழங்கையும் பின்தகடும் மட்டும் வந்தன. "மாப்பிள்ளை ஓடிட்டார்" என்று எழுதி அந்தப் படத்தையே அனுப்பிவிட்டான்.

பிறகு நான் அடைத்தேன். இரண்டு நாள் எடுத்தது. இடைவெளிக்குள் செப்புத் தகட்டைச் செருகிப் பின்னால் பிடித்து, உருகிய இரும்பு உள்ளே வழியாமல், இரண்டு பக்கமும் மட்டமாக வரும்படி வெல்டிங் செய்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்தேன். ஒரு தரம் மரம் கருகும் மணம் வந்தது. உக்கின பலகை என்று நினைத்து ஈரத் துணி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். முடிந்தபோது எங்கே ஓட்டை இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஷெஃப் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஷெஃப் தன் பக்கத்தில் தேடியதில் இலக்கத் தகடு கிடைக்கவில்லை, பூட்டிய அடையாளமும் எதுவும் தாளில் இல்லை. சாதாரணத் துப்பாக்கிக் கரியர் என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டார்.

மிச்சம் இருந்தது கொங்கிறீட். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மணல் வீசிச் சுத்தம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக லொறி வரவேண்டும். அந்த டேர்மினை, குறித்த நாளை, விட்டால் அடுத்தது நாலு மாதம் கழித்து. வசந்தத்தில் திறப்பு விழா. ஆகவே புதன்கிழமைக்குள் கொங்கிறீட் வெளியே வரவேண்டும்.

புதன் காலை ஜெயம் உடைக்கும் இயந்திரத்தைப் பிடித்தான். நான் கட்டிகளை வாளியில் பொறுக்கிக் கொண்டுபோய் வெளியே கொட்டினேன். அந்தப் பண்ணைக்காரர் கைக்கு அகப்பட்ட இரும்பெல்லாவற்றையும் பாரத்துக்காக உள்ளே போட்டிருந்தார். சங்கிலித் துண்டு வந்தது, கலப்பைக் கொழு வந்தது, குதிரை லாடம் இரண்டு வந்தது. "பாருங்கோ, மனிசியின்ர சட்டி பானையும் உள்ளுக்கதான் கிடக்கும்" என்று சத்தத்துக்கு மேலால் ஜெயம் கத்தினான்.

ஒன்பதாவது வாளியோ பத்தாவதோ. ஒரு கட்டியைத் தூக்கிப் புரட்டினேன். அதன் அடியில் ஓர் அச்சு இருந்தது. நடுவில் வட்டமாகக் குழி, அதைச் சுற்றிவர வெளியே விரியும் மெல்லிய ஆழமான கோடுகள். ஈரச் சீமெந்தில் ஒரு பூவை அமத்தி எடுத்தது மாதிரி.

ஊரில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு செல் வெடிக்காமல் குத்தி நின்றது. யாரோ சுற்றி நாலு தடி நட்டுக் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். மூன்று நாள் அதைக் கடந்துதான் தண்ணீருக்குப் போய்வந்தோம். உடம்பு மண்ணுக்குள், வால் மட்டும் வெளியே. போகும்போதும் வரும்போதும் பூ இதழ் போலச் சுற்றிவரத் தகடு விரிந்த அந்த வாலைத்தான் பார்த்தேன். அது எனக்கு மறக்காது.

கட்டியை வாளிக்குள் போடாமல் நிலத்தில் மெதுவாக வைத்தேன். கத்தவில்லை. சுவரடிக்குப் போய் இயந்திரத்தின் வயரைப் பிடுங்கினேன்.

"கரண்ட் போயிட்டுதோ?" என்றான் ஜெயம்.

"இல்லை. இறங்கி வா."

"இன்னும் ஒரு சாண்தான் அண்ணை கிடக்கு. முடிச்சிட்டு வாறன்."

"இயந்திரத்தை அப்பிடியே சரிச்சு வை. கீழ போடாதை. மெல்ல இறங்கு."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "என்ன, திரும்பவும் கிறீஸ் பம்போ?"

ஆனால் இறங்கினான். கட்டியைப் பார்த்தான். ஏதோ காற்றாடிச் சக்கரமாக இருக்கும், கிழவன் எல்லாத்தையும்தானே போட்டிருக்கிறான் என்றான். சத்தம் நின்றதைக் கேட்டு ஷெஃப்பும் வந்தார். ரோர்ச் லைட் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். உடைந்த கொங்கிறீட்டின் முகத்தில் துருப்பிடித்த மெல்லிய தகட்டு விளிம்புகள் ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டு தெரிந்தன.

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், நிதானமாக யோசிப்பவர். அந்த நிதானம்தான் அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. தன் கோப்பை எடுத்துவந்து வேலைமேசையில் விரித்தார். இது எறிகணை ஏற்றிய வண்டி என்றால் பின்தகட்டில் அடித்தட்டும் கால்களும் பூட்டிய துளைகள் இருந்திருக்கவேண்டும் என்றார். வரைபடத்தைக் காட்டினார். பிறகு என் தாளை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"எட்டு ஓட்டை, எட்டும் துரு. நீங்கள்தானே பார்த்தீர்கள், ஹெர் செல்லையா? உங்கள் கையெழுத்துத்தானே?"

என் கையெழுத்துத்தான்.

பொலிசைக் கூப்பிட்டால் ஊரை வெளியேற்றுவார்கள், லொறி திரும்பிப் போய்விடும், திறப்பு விழா போய்விடும், இரண்டாம் தடவையும் அது கிறீஸ் பம்பாக இருந்தால் எங்கள் பேச்சை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னார். இது ஒரு காற்றாடிச் சக்கரம் என்றுதான் தான் நினைப்பதாகவும் சொன்னார். என் மேல் குற்றமும் சொல்லவில்லை. என் தாளை நம்பினார், அவ்வளவுதான்.

நான் பக்கவாட்டில் பார்த்தேன். ஜெயம் கையுறையைத் திரும்பவும் மாட்டிக்கொண்டிருந்தான்.

அந்தக் கையுறையைக் கண்டதும்தான் எனக்கு வாய் திறந்தது. "அது துரு இல்லை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லைப் போல இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். "அது துரு இல்லை. எட்டும் துளைப்பான் போட்ட ஓட்டை. நான் விரல் விட்டுப் பார்த்தேன். தெரிந்துகொண்டுதான் துரு என்று எழுதினேன்."

ஷெஃப் என் தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தார். "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்றார்.

"நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள்."

உண்மையான காரணம் அதுவல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் வாயில் வந்தது அதுதான்.

அவர் வண்டியின் பின்னால் போய்த் தகட்டைத் தடவினார். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும். துளைகள் வரைபடத்தில் உள்ளது போல இருந்தனவா, எங்கெங்கே இருந்தன என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். இங்கே இரண்டு, அங்கே இரண்டு. காட்டக் காட்ட எனக்கே சந்தேகமாக இருந்தது. தகடு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. வெல்டிங்கைக் கிரைண்டர் போட்டுத் திறந்து காட்டவும் வழியில்லை. அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் அது கிடந்தது.

அப்போது ஜெயம் கையுறையைக் கழற்றினான். தொலைபேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் கொண்டே போனான். கலியாண வீடு, கேக், யாரோ ஒரு குழந்தை.

"நில்லுங்கோ அண்ணை," என்றான். "மாப்பிள்ளை ஓடின படம்."

ஷெஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி, வரைபடத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். வட்டமான ஓட்டைகள், சோடி சோடியாக, கால்கள் பூட்டும் இடத்திலும் அடித்தட்டுப் பூட்டும் இடத்திலும். ஏழு தெரிந்தது. எட்டாவது என் முழங்கைக்குப் பின்னால். அவர் வரைபடத்தை மடித்தார். மடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களை வெளியே போகச் சொல்லி, நடந்துகொண்டே பொலிசை அழைத்தார்.

இவ்வளவு நேரமும் நாங்கள் மூன்று பேரும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் கதைத்தோம் என்பதையும் கவனியுங்கள். அது இன்னொரு பிழை. நீங்கள் முதலில் வெளியே போங்கள், பிறகு சண்டை பிடியுங்கள்.

சுற்றியிருந்த வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் வெளியேற்றி, விளையாட்டு மைதானத்தில் நிறுத்தினார்கள். சிலர் மடிப்புக் கதிரை கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் தன் நாய்க்குத் தண்ணீர் வைத்தார். ஷெஃப் தள்ளி நின்று லொறிக்காரரோடும் அருங்காட்சியகத்தோடும் தொலைபேசியில் கதைத்தார். நான் மைதானத்துக் கோட்டடியில் நடந்தேன். முப்பது அடி அங்கே, முப்பது அடி இங்கே.

"அண்ணை, ஒரு இடத்தில இருங்கோ. தலை சுத்துது."

"ஏலாது."

அவன் புல்லில் குந்தினான். பிறகு சொன்னான்: "காலமை தொடக்கம் அந்த இயந்திரத்தால எத்தினை தரம் குத்தியிருப்பன் எண்டு யோசிக்கிறன்."

நான் ஓட்டைகளை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் நெருப்பை எவ்வளவு நேரம் பிடித்தேன். மரம் கருகிய மணம் வந்தது எந்த ஓட்டையில். ஐந்தா, ஆறா.

மூன்று மணிபோல, வெடிபொருள் அகற்றுபவர்களில் ஒரு பெண்மணி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு எறிகணைகள். ஒன்றில் வெடிமுனை பூட்டியபடியே இருந்தது. பண்ணைக்காரர் அதை என்னவென்று தெரிந்துதான் கொங்கிறீட்டுக்குள் போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று இனி யாருக்கும் தெரிய வராது என்றார். தெரிந்துதான் போட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஒருவரிடமும் சொல்லாமல் மூடிவிட்டால் முடிந்தது என்று அவரும் நினைத்திருப்பார்.

பின்தகட்டில் வெல்டிங் செய்தது யார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. அவர் தன் பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண். "இவ்வளவுதான் இடையில் இருந்தது. இவ்வளவும் கொங்கிறீட்" என்றார். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐந்து மணிக்குப் பிறகு, புல்வெளிப் பக்கம் தூரத்தில் அவற்றை வெடிக்கவைத்தார்கள். சத்தம் பெரிதில்லை. கதவு ஒன்றைக் காற்று அடித்தது போல. ஆனால் நிலத்தால் காலுக்கு வந்தது. மைதானத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜெயமும் நானும் தட்டவில்லை. அவன் என் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

லொறியின் டேர்மின் போய்விட்டது. வசந்தத் திறப்பு விழா இலையுதிர்காலத்துக்குப் போனது. அடுத்த நாள் காலையில் ஷெஃப் என்னைத் திட்டுவார் என்று உடுப்பு மாற்றும் அறையில் நேரம் கடத்தினேன். அவர் வெறும் நிலைமைத் தாள் ஒரு கட்டு என் முன்னால் வைத்தார். முழு வண்டியையும் திரும்ப எழுதுங்கள் என்றார். சொல் தெரியாத இடத்தில் என்ன செய்ய என்று கேட்டேன். அவரிடம் நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கீறிக் காட்டுங்கள் என்றார். இரண்டரை நாள் எடுத்தது. நீங்கள் நிரப்பும் தாளின் வலது கரையில் ஒரு வெறும் பெட்டி இருக்கிறதல்லவா? அது அந்தக் கிழமைக்குப் பிறகு வந்த பெட்டி. உங்களில் ஒருவர் அதில் தொலைபேசி இலக்கம் குறித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள்.

ஜெயம் ஒரு மாதம் என்னை என் சொந்தப் பெயர் சொல்லி அண்ணை என்றான். இரண்டு தரம் கூப்பிட்டால்தான் எனக்குக் கேட்கும். கடைசியில் நானே சொன்னேன், பழையபடி கூப்பிடு என்று.

"ஏன் அண்ணை?"

"அந்தப் பேருக்குத்தான் நான் திரும்பிப் பாக்கிறன்."

எறிகணைக் கரியர் என்று ஷெஃப் அருங்காட்சியகத்துக்குத் திரும்ப எழுதினார். குழாயும் கால்களும் அடித்தட்டும் வேறொரு சேகரிப்பாளரிடம் கிடைத்தன. அவற்றைப் பூட்ட, நான் அடைத்த ஓட்டைகளை நானே திரும்பத் திறக்கவேண்டும். ஜெயத்தின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, தகட்டின் ஆணிகளிலிருந்து அளந்து, ஏழு இடத்தைக் கண்டுபிடித்தோம். என் வெல்டிங்குக்குள் துளைப்பான் இறங்கும்போது வரும் சத்தம் வேறு, தகட்டுக்குள் இறங்கும் சத்தம் வேறு. ஏழிலும் சரியாக வந்தது.

எட்டாவது கிடைக்கவில்லை. யுத்த காலத்தில் யாரோ வெளியில் நின்று கையால் போட்ட துளைகள் அவை. ஒரு சோடியின் இடைவெளி மற்றச் சோடியில் இல்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். உள்பக்கமும் வெளிப்பக்கமும் தடவினேன். இரண்டு நாள் தேடினேன். நான் மட்டமாகத் தேய்த்த வேலை, எனக்கே வழி விடவில்லை. கிட்டத்தட்ட இங்கேதான் இருக்கும், போட்டுவிடவா என்று ஷெஃப்பிடம் கேட்டேன்.

"இருந்தது என்று தெரியாத இடத்தில் நாங்கள் துளை போடுவதில்லை" என்றார்.

அதனால் அந்த அடித்தட்டு இன்றைக்கும் ஒரு ஆணி குறைவாகத்தான் தொங்குகிறது. ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம், நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருகிறேன். கயிற்றுக்கு அப்பால் கை நீட்டி அந்த இடத்தைத் தடவுவேன். காவலுக்கு நிற்கும் அம்மா கண்டால் தொடவேண்டாம் என்பார், கையை எடுத்துவிடுவேன். நீங்களும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வண்டியின் பின்னால் நின்றால் இடது கை, அடித்தட்டுக்குக் கீழே, பச்சை வர்ணம் மட்டும் உள்ள இடம். உங்கள் விரல்கள் இன்னும் காய்ப்பு ஏறாதவை. அவற்றுக்கு அது தட்டுப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தாலும், தொலைபேசியில் இருந்தாலும், சொல்லுங்கள்.